பெர்த் இல்லாத பயணி

ஏ.சி. பெட்டியில் நடுராத்திரி குழந்தை சிணுங்கினால் அம்மா முதலில் எதிர் பெர்த்தைத்தான் பார்க்கிறாள். போர்வைக்குள் யாராவது புரண்டார்களா, யாராவது உச்சுக்கொட்டினார்களா, மேலே செல்போன் வெளிச்சம் எரிந்ததா என்று ஒரு கணம் கணக்கெடுத்துவிட்டுத்தான் குழந்தையின் பக்கம் திரும்புகிறாள். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் இருட்டைப் பார்த்து ‘சாரிங்க’ என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போகிறாள். வாஷ்பேசினுக்கும் கழிவறைக்கும் நடுவில், இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தின் இரும்பு இரைச்சலில், அரை மணி, முக்கால் மணி நின்றுகொண்டே ஆட்டுகிறாள். உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். விழித்திருந்து பார்த்தவர்கள், நல்ல பெண், அடுத்தவருக்குத் தொந்தரவு தரத் தெரியாதவள் என்று மனசுக்குள் மெச்சிக்கொள்ளக்கூடும். அந்த மெச்சுதலில் ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை என்பது சட்டென்று பிடிபடுவதில்லை. தூக்கம் கெட்டவருக்கும் நியாயம் இருக்கிறது, எழுந்துபோனவளுக்கும் நல்ல மனசு இருக்கிறது. இரண்டும் இருந்தும் உறுத்தல் போவதில்லை.

குழந்தையோடு ரயிலில் போவது எப்படி என்று சொல்லித்தர ஆட்களுக்குக் குறைவில்லை. ராத்திரி வண்டியாகப் பார்த்துப் போடு, ஏறுவதற்கு முன்னால் வயிறு நிரம்பப் பால் கொடு, சத்தம் போடாத பொம்மையாக எடுத்துக்கொள், மாற்றுத்துணி கைக்கெட்டும் பையில் இருக்கட்டும், அழுதால் உடனே எழுந்து கதவுப் பக்கம் போய்விடு. எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் அத்தனையும் ஒரே ஆளைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன. எதிர் பெர்த்துக்காரருக்குச் சொல்ல ஒரு யோசனையும் இல்லை. பெட்டியைச் செய்தவர்களுக்கும் அதில் இடம் ஒதுக்குகிறவர்களுக்கும்கூட ஒன்றும் இல்லை. கூட்டத்துக்குள் ஒரு குழந்தை வந்தால் உண்டாகிற நெருக்கடியை யார் தலையில் ஏற்றுவது என்று யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது.

அன்ரிசர்வ்ட் பெட்டியில் கதை வேறு. தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகிற அந்த்யோதயா வண்டியில் எல்லாப் பெட்டியும் அன்ரிசர்வ்ட். தீபாவளிக்கு முந்தின ராத்திரி அதில் ஏற வழியில்லாத அப்பா, குழந்தையை எமர்ஜென்சி ஜன்னல் வழியாக உள்ளே நீட்டுவார். உள்ளே இருப்பவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இரண்டு கைகள் வாங்கிக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் கதவு வழியாக முட்டிமோதி வந்து சேர்வதற்குள் குழந்தை நாலு மடி மாறி, யாரோ ஒரு அக்காவின் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். “கைப்பிள்ளக்காரி நிக்குதுல்ல, கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். ஏற்கெனவே ஆறு பேர் நெருக்கிக்கொண்டிருந்த இடத்தில் ஏழாவது ஆளுக்கு இடம் பிறக்கும். நகராமல் உட்கார்ந்திருந்தவர் மற்றவர்களின் பார்வையை மதுரை தாண்டியும் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். இங்கே எந்த அம்மாவும் சாரி சொல்வதில்லை. சொன்னால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். பிள்ளை அழத்தானே செய்யும்.

இதை வைத்து ஏழைகளின் மனசு பெரிது, காசுள்ளவர்களின் மனசு சிறிது என்று ஒரு கட்டுரையை முடித்துவிடலாம். நிறைய பேர் முடித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் ஒரு ராத்திரி முழுக்கக் குழந்தையோடு உட்கார்ந்து வந்தவளைக் கேட்டால் அவ்வளவு சுலபமாக முடிக்க மாட்டாள். இடம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் குழந்தையின் மேல் ஒரு பங்கு வந்துவிடுகிறது. “ஏம்மா குல்லா போடல?” என்று ஒருத்தர் கேட்டு முடிப்பதற்குள், “இந்தப் புழுக்கத்துல எதுக்கு இவ்வளவு துணி சுத்திருக்க?” என்று இன்னொருத்தர் ஆரம்பிப்பார். பசி என்பார் ஒருவர், வயிற்றுவலி என்பார் ஒருவர், உரம் விழுந்திருக்கும் என்று ஒரு பாட்டி குழந்தையைக் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடிக்கத் தயாராவார். தாய்ப்பாலா டப்பாப் பாலா என்ற விசாரணை நடக்கும். டப்பாப் பால் என்றால் ஒரு சின்ன மௌனம் விழும். டீயில் தோய்த்த பிஸ்கட் அம்மாவைக் கேட்காமலே குழந்தையின் வாய்க்குப் போகும். இருமிக்கொண்டே கன்னத்தில் முத்தம் கொடுக்கிற மாமாவிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, ஏனென்றால் அவள் உட்கார்ந்திருப்பது அவர் நகர்ந்து கொடுத்த இடத்தில். ஏ.சி. பெட்டியில் யாரும் அவள் குழந்தையைத் தொடுவதில்லை, யாரும் எழுந்து இடமும் கொடுப்பதில்லை. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் சகித்துத்தான் ஆகவேண்டுமா என்பது இந்த ஊரில் இன்னும் தீராத சந்தேகம்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது ஸ்லீப்பர் பெட்டி. அங்கே தூளி கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு சிறு பஞ்சாயத்து. வண்டி செங்கல்பட்டைத் தாண்டியதும் பாட்டி பையிலிருந்து பழைய நூல் புடவை ஒன்றை எடுப்பார். பலமுறை துவைத்து நைந்து பூப்போல ஆன புடவையாகத்தான் இருக்கும். புதுசு வழுக்கும், சிந்தடிக் முடிச்சு நிற்காது. மேல் பெர்த்தின் சங்கிலியை ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்ப்பார். பிறகு பொதுவாக எல்லோரையும் பார்த்து, “தூளி கட்டிக்கலாமாப்பா?” என்று கேட்பார். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார், அந்தக் கேள்வியில்தான் மரியாதை இருக்கிறது. மேல் பெர்த் இளைஞன் தன் பையை நகர்த்திக்கொள்வான். மிடில் பெர்த்துக்காரர், எனக்குப் பத்து மணிக்குப் படுக்கணும், பரவாயில்லை, குனிஞ்சு ஏறிக்கிறேன் என்பார். இரண்டு சுற்று சுற்றி, இறுக்கி, தன் முழங்கையை உள்ளே வைத்து அழுத்திப் பார்த்த பிறகுதான் குழந்தை உள்ளே போகும். அப்புறம் ஆட்டவே வேண்டாம். வண்டி ஆட்டிக்கொள்ளும். ஆறு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு, தலையை இடித்துக்கொண்டு, ஒரு புடவையைச் சுற்றி வளைந்து நடப்பார்கள். விழுப்புரத்தில் வண்டி நின்றதும் ஆட்டமும் நிற்கும், குழந்தை விழித்துக்கொள்ளும், யாராவது ஒருவர் தூக்கத்திலேயே கையை நீட்டித் தூளியைத் தள்ளிவிடுவார். தள்ளியவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

அழகான காட்சிதான், ஆனால் அதைப் பார்த்து நெகிழ்வதோடு நின்றால் ஆபத்தை மறந்ததாகிவிடும். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் பெட்டிகள் செய்கிறது. அங்கே சங்கிலி மாட்டப்படுவது மேல் பெர்த்தைத் தாங்குவதற்கு. அதில் குழந்தை தொங்கும் என்பது எந்த வரைபடத்திலும் வரைந்து வைத்த விஷயமாக இருக்காது. சடன் பிரேக் போட்டால் தூளி எவ்வளவு தூரம் வீசி எந்த இரும்பில் மோதும் என்று யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இத்தனை பெட்டிகள் செய்த நாட்டில், குழந்தையைத் தூங்கவைக்கும் ஏற்பாட்டை வீட்டிலிருந்து புடவையாகக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கூடப் பயணிப்பவர்களின் தயவு எவ்வளவு இருந்தாலும் அந்த முடிச்சுக்கு அது பொறுப்பேற்க முடியாது.

ரயில்வேயின் கணக்கைப் பார்த்தால் காரியம் இன்னும் தெளிவாகிறது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருப்பவர்களுக்கு 2016 ஏப்ரல் வரை பாதிக் கட்டணத்தில் முழு பெர்த் கிடைத்தது. அதற்குப் பிறகு பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், பாதி என்றால் பெர்த் கிடையாது. 2022 ஆகஸ்டில், இனி ஒரு வயதுக் குழந்தைக்கும் டிக்கெட் என்று ஒரு செய்தி பரவியது. ரயில்வே அமைச்சகம் அவசரமாக விளக்கம் சொன்னது: விதி மாறவில்லை, தனி பெர்த் வேண்டும் என்று கேட்டால் மட்டும்தான் கட்டணம். நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சில், காசு கொடுக்காத பயணிக்கு இடமும் கொடுப்பதில்லை என்ற பழைய விஷயம் மறுபடியும் கண்ணில் படாமல் போயிற்று. ஓர் ஆள் படுக்கும் பெர்த்தில் அம்மா ஒருக்களித்து, முதுகு வெளியே துருத்த, ஒரு கையால் குழந்தைக்கு அணைபோட்டபடி படுக்கிறாள். ஏ.சி. பெட்டியில் பெர்த்துக்கு ஒரு கம்பளி. அதிகாலை குளிரில் அதுவும் குழந்தைக்குப் போய்விடுகிறது. இந்த நிலையில் இருக்கிறவளிடம்தான் அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள் என்று கேட்கிறோம். ஆனால் இடைஞ்சல் அவள் நடத்தையில் இல்லை. 72 பெர்த் இருக்கிற பெட்டியில் 72 பேருக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், மிச்சமிருக்கிறவர்கள் ஒரு முழ உயரம் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லோயர் பெர்த் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் என்று ஸ்லீப்பர் பெட்டி ஒவ்வொன்றிலும் ஆறேழு லோயர் பெர்த்களை ரயில்வே ஒதுக்கி வைத்திருக்கிறது. மூன்றடுக்கு ஏ.சி.யில் நாலைந்து. நல்ல ஏற்பாடு. பட்டியலை மறுபடியும் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். குழந்தை வயிற்றில் இருக்கும்வரை அம்மாவுக்குக் கீழே இடம் உண்டு. அது பிறந்து, ஏழு கிலோவாகி, ராத்திரி மூன்று முறை விழித்துப் பால் கேட்கத் தொடங்கிய பிறகு அவள் பட்டியலில் இல்லை. 26 வயதுக்காரி என்றால் அவள் கணினிக்கு வெறும் 26 வயதுக்காரி. அப்பர் பெர்த் வரும். வந்தால் என்ன செய்வாள்? பெட்டிக்குள் ஏறியதும், முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, “அண்ணா, கொஞ்சம் மாத்திக்க முடியுமா?” என்று கேட்கத் தொடங்குவாள். பெரும்பாலும் யாராவது மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது; முதல் ஆள் முட்டிவலி என்றால் இரண்டாவது ஆளிடம் கேட்க வேண்டும்; மாற்றிக்கொடுத்தவருக்கு விடியும்வரை நன்றியோடு இருக்க வேண்டும். ஆர்.ஏ.சி. டிக்கெட் என்றால் இன்னும் மோசம். சைடு லோயரின் ஒரு பாதியில் இவளும் குழந்தையும், மறு பாதியில் முன்பின் தெரியாத ஓர் ஆண். இரண்டு பேருமே ராத்திரி முழுக்கக் காலை நீட்டாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஜன்னலில் தெரியும் இருட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்த ஆணும் பாவம்தான். அவருக்கும் அது தண்டனைதான்.

2022 மே மாதம் அன்னையர் தினத்தன்று வடக்கு ரயில்வேயின் லக்னோ கோட்டம் ஒரு முயற்சி செய்தது. லக்னோ மெயிலின் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி ஒன்றில் 12, 60 என்ற இரண்டு லோயர் பெர்த்களின் விளிம்பில் மடக்கி விரிக்கிற குட்டி பெர்த்தைப் பொருத்தினார்கள். 770 மில்லிமீட்டர் நீளம், 255 மில்லிமீட்டர் அகலம். நம் கணக்கில் இரண்டரை அடிக்குப் பத்து அங்குலம். குழந்தை உருண்டு விழாமல் இருக்கப் பட்டையும் தடுப்பும் வைத்திருந்தார்கள். படம் வெளியான அன்றே கேள்விகளும் வந்தன. குழந்தை சுவர்ப் பக்கம் இல்லாமல், ஆள் நடமாடும் பக்கம் அல்லவா கிடக்கிறது? மேலேயிருந்து தண்ணீர் பாட்டில் விழுந்தால்? இருட்டில் இறங்குகிறவர் கால் பட்டால்? கேட்டவர்கள் பெரும்பாலும் பிள்ளை வளர்த்தவர்கள் என்பது கேள்வியிலேயே தெரிந்தது. முயற்சியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ரயிலில் குழந்தையும் ஒரு பயணி என்று யாரோ அளவெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகும் நம் ஊர் வண்டிகளில் தூளிப் புடவைக்கு வேலை குறையவில்லை.

நம்முடைய கருணை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2020-இல் ஒரு காட்சி கிடைத்தது. ஊரடங்கில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பெலகாவியிலிருந்து கோரக்பூர் போன ஷ்ரமிக் சிறப்பு ரயில், மே 31 அன்று போபாலில் நின்றது. நாலு மாதக் குழந்தைக்குப் பால் கிடைக்காமல் தண்ணீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்துக்கொண்டு வந்த அம்மா, பிளாட்பாரத்தில் நின்ற ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரிடம் உதவி கேட்டார். அவர் வெளியே போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் பாலோடு அவர் பிளாட்பாரத்தில் ஓடி, ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டார். கண்காணிப்பு கேமராவில் அது பதிவாகி நாடெங்கும் ஓடியது. உசேன் போல்ட்டையே மிஞ்சிவிட்டார் என்று ரயில்வே அமைச்சர் பாராட்டி, ரொக்கப் பரிசும் அறிவித்தார். அந்தக் காவலருக்கு எத்தனை பரிசு கொடுத்தாலும் தகும். கைதட்டியவர்கள் ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். நீண்ட தூரம் போகிற ஒரு வண்டியில் குழந்தைகள் இருப்பார்கள் என்பது கிளம்பும்போதே தெரியும். ரயில் நிலையங்களில் சூடான பாலும் வெந்நீரும் குழந்தை உணவும் கிடைக்கும் என்று ‘ஜனனி சேவா’ என்ற பெயரில் 2016-இலேயே ஒரு திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. பால் வண்டிக்குள் இருந்திருந்தால் அந்த மனிதர் ஓட வேண்டியிருந்திருக்காது. நமக்கும் நெகிழ ஒரு காட்சி கிடைத்திருக்காது.

ஜப்பானிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது, வேறு பொருளை வைத்து. டோக்கியோவின் காலை நேரக் கூட்டத்தில் தள்ளுவண்டியை மடக்காமல் ஏற்றுகிற அம்மாக்கள் சுயநலக்காரர்கள் என்று ஒரு பக்கம். குழந்தை, பை, மடக்கிய வண்டி எல்லாவற்றையும் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி நிற்பது என்று மறுபக்கம். போக்குவரத்து அமைச்சகம் அமைத்த குழு 2014 மார்ச்சில் ஒரு பொதுச் சின்னத்தை அறிவித்து, ரயிலிலும் பேருந்திலும் தள்ளுவண்டியை மடக்க வேண்டியதில்லை என்பதைப் பொதுக் கொள்கையாகச் சொன்னது. 2019-இல் டோக்கியோ மாநகர அரசின் ஓஎடோ சுரங்க ரயிலில் குழந்தையோடு வருகிறவர்களுக்கென்று சித்திரங்கள் ஒட்டிய இடங்கள் வந்தன. இதற்கிடையே 2016-இல் பெண்களுக்கான இணையதளம் ஒன்று, ‘அழுதாலும் பரவாயில்லை’ என்ற பொருளில் ஸ்டிக்கர் அச்சிட்டது. அதைச் செல்போனின் முதுகில் ஒட்டிக்கொண்டு பயணிக்கலாம், பயந்துபோயிருக்கும் அம்மா பார்த்துத் தைரியம் அடைவாள். நல்லெண்ணம்தான். என்றாலும் அந்த ஸ்டிக்கரைப் பார்க்கும்போது ஒரு சங்கடம் வருகிறது. அழுவதற்கு அனுமதி தருகிறார் ஒருவர் என்றால், அனுமதி தராதவர்களும் அதே பெட்டியில் இருக்கிறார்கள். அம்மா இனி ஒவ்வொரு செல்போனின் முதுகையும் தேட வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் இரண்டடுக்கு இன்டர்சிட்டி வண்டிகளில் குடும்பங்களுக்கென்று ஒரு பெட்டி, அதன் மேல்தளத்தில் சறுக்குமரத்தோடு விளையாட்டிடம். அங்கே அனுமதி கேட்கிற பேச்சே எழாது. குழந்தைகளை அங்கே அனுப்பிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்கிற ஒதுக்கலும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறதோ என்னவோ.

தூக்கம் கெட்டவரின் பக்கத்தையும் பேசாமல் இதை விட முடியாது. காட்பாடியில் இறங்குவதற்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற வண்டிகளில், வேலூர் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். இரண்டு ராத்திரி வலியோடு படுத்துவருகிற ஒருவருக்கு அடுத்த பெர்த்தில் விடாமல் அழுகிற குழந்தை என்பது சின்ன விஷயம் இல்லை. மறுநாள் காலை நேர்காணலுக்குப் போகிற பையன், டூட்டி முடிந்து வீடு திரும்புகிற நர்ஸ் எல்லோரும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறார்கள். பெற்றவர்கள் எல்லோரும் பாவப்பட்டவர்களும் இல்லை. குழந்தையின் வாயை அடைக்க, செல்போனில் ரைம்ஸ் போட்டு முழுச் சத்தத்தில் அதன் முகத்துக்கு நேரே பிடிக்கிற அப்பாக்கள் உண்டு. ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப, சேலம் தாண்டும்வரை. அழுகை குழந்தையுடையது, அதற்கு யாரிடமும் மன்னிப்பு வேண்டாம். ரைம்ஸின் சத்தம் பெரியவர்களுடையது, அதற்கு வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டுப் போடக்கூடாது என்று ரயில்வே விதியே இருக்கிறது. சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே சீட்டில் வைத்து டயப்பர் மாற்றுகிறவர்களும் உண்டு. தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு எதிரில் இருக்கிறவர் அப்படியே உறைந்துபோவார். கேட்டால் எங்கே போய் மாற்றுவது என்பார்கள். அந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. ரயில் கழிவறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழந்தையைப் படுக்கவைக்க ஒரு பலகைகூட அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் மாற்றிய டயப்பரைக் கழிவறைக்குள் போட்டு அமுக்குவதற்குச் சாக்கே கிடையாது. இப்போதைய பயோ டாய்லெட்டில் கழிவு கீழே தொட்டியில் விழுந்து நுண்ணுயிரிகளால் சிதைகிறது. டயப்பரை அவை தின்னாது, குழாய்தான் அடைபடும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டும். ஒரு காகிதத்தில் சுற்றி, வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் குப்பைத்தொட்டியில் போட அரை நிமிடம் ஆகாது.

சொல்லாமலே நடக்கிற மரியாதைகளும் இருக்கின்றன, அவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை இழுத்துவிடும்போது எதிரில் இருக்கிற ஆண்களில் ஒருவருக்குத் திடீரென்று டீ குடிக்கத் தோன்றும். இன்னொருவர் கதவுப் பக்கம் காற்று வாங்கப் போவார். மூன்றாமவர் மேலே ஏறி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுப்பார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. பத்து நிமிடம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அரசியல் பேசுவார்கள். அப்பாக்களுக்கு இந்த மரியாதையும் கிடைப்பதில்லை. குழந்தையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வருகிற ஆணுக்குச் சென்னை மின்சார ரயிலில் எந்தப் பெட்டி? பெண்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கும், ஆனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 162-ஆம் பிரிவுப்படி அவர் அதில் ஏறினால் குற்றம். கிண்டியில் பொதுப்பெட்டிக்குள் அவர் முண்டியடித்து ஏறும்போது “புள்ளையத் தூக்கிட்டு இந்தக் கூட்டத்துல ஏன் சார் வர்றீங்க, வீட்ல அம்மா இல்லையா?” என்று கேட்பார்கள். கேட்டவரே எழுந்து இடமும் கொடுப்பார். நம் ஊரில் வசவும் உதவியும் பல நேரம் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறவளிடம் என்ன சொல்வது? உள்ளே வா, இங்கேயே இரு என்று சொல்ல எல்லோருக்கும் ஆசைதான். அவள் வரமாட்டாள், அவளுக்கும் தெரியும், நாலாவது தடவை அழும்போது அந்த ஆசை யாருக்கும் மிஞ்சியிருக்காது. கருணை என்பது தூக்கம் வராத நேரத்தில் சுலபம். அதனால்தான் அதை மட்டும் நம்பி ஒரு ரயிலை ஓட்டக்கூடாது என்று தோன்றுகிறது. மனிதர்களைத் திருத்துவதை விட டிக்கெட் கணினியைத் திருத்துவது எளிது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் போடும்போது, பெர்த் இல்லாத கைக்குழந்தையைச் சேர்க்கத் தனியாக ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. பெயர் கேட்கிறது, வயது கேட்கிறது, ஆணா பெண்ணா என்று கேட்கிறது. குழந்தை வரப்போவது அதற்குத் தெரியும். பெண்ணுக்கு வயது 45 என்று பார்த்ததும் லோயர் பெர்த்தைத் தேடித் தருகிற அதே கணினியை, இந்த வரியையும் பார்த்துத் தரும்படி ரயில்வே அமைச்சகம் மாற்றட்டும். மாற்றும்வரை, லோயர் பெர்த் கிடைத்த திடமான ஆட்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நிற்பதைப் பார்த்தால் அவள் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே மேலே ஏறிப் படுத்துக்கொள்ளுங்கள்.